காவல் கணிப்பொறியை எங்கே நிறுத்துவது?

கணக்கப்பிள்ளை இரவு வீட்டுக்குப் புறப்படுமுன் செய்யும் கடைசி வேலை, சிட்டையையும் பேரேட்டையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் ஒப்படைப்பதாக ஒரு காலம் இருந்தது. அந்தப் பேரேடு இன்று கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. துணிக்கடையாயினும், தோல் பதனிடும் தொழிற்சாலையாயினும், அரிசி மண்டியாயினும், யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், கிடங்கில் இருப்பு என்ன என்பனவெல்லாம் மின்சாரம் இருந்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகிவிட்டன.

இந்த எழுத்துகள் அழிந்தால் நேர்வது வியாபார நஷ்டம் மட்டுமன்று. கூட்டு வியாபாரத்தில் பணம் போட்டவரின் பங்கு, கடனுக்குச் சரக்குத் தந்த சிறு வியாபாரியின் பாக்கி, வேலையாட்களுக்குத் தரவேண்டிய சம்பளம் ஆகிய யாவும் நம்மிடம் அமானிதமாக இருப்பவை. குடும்பத் தலைவர் வஃபாத்தாகிவிட்டால், அவருடைய கடனையும் வசிய்யத்தையும் தீர்த்த பிறகே வாரிசுதாரர்களுக்குப் பாகம் பிரிக்கவேண்டும் என்பதை நம் வீடுகளில் யாவரும் அறிவர். கணக்கே கையில் இல்லையென்றால் கடன் எவ்வளவு என்று யார் சொல்வது? ஆகவே இதைக் 'கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிட முடியாது. கடைக்குப் போகாத வீட்டுப் பெண்மக்களும் இதில் சிலவற்றை அறிந்திருப்பது நலம்.

காப்புப் பிரதி, அதாவது எல்லாரும் 'பேக்கப்' என்று சொல்வது, புதிய செய்தியன்று. ஆனால் அதை எடுக்கும் முறை வெகுவாக மாறியிருக்கிறது. சற்றே வளர்ந்த நிறுவனங்களில் இன்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கணிப்பொறி வைப்பதில்லை. வலுவான ஒரு சர்வரை வாங்கி, அதற்குள் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளை நிறுவி, அதன்மேல் மூன்று நான்கு கணிப்பொறிகளை இயக்குகிறார்கள். கணக்குக்கு ஒன்று, பில் போடுவதற்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. இவற்றுக்குத் தனி உடல் கிடையாது. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்படி வைத்து வாழும் சகோதரர்களைப்போல ஒரே இரும்புக்குள் தனித்தனியே குடித்தனம் நடத்துகின்றன. இவற்றை மெய்நிகர் கணிப்பொறிகள் என்பர்.

இவற்றைப் பிரதியெடுக்கும் கருவியையும் அவ்வாறே உடலில்லாமல் செய்தால் என்ன என்று மென்பொருள் நிறுவனங்கள் எண்ணியதன் விளைவுதான் மெய்நிகர் பேக்கப் அப்ளையன்ஸ். இயக்க மென்பொருள், பிரதியெடுக்கும் நிரல், அதை நிர்வகிக்கும் திரை எல்லாம் முன்கூட்டியே பொருத்தப்பட்ட ஒரு கணிப்பொறியை ஒரே கோப்பாக்கித் தருகிறார்கள். அதை இறக்கிக்கொண்டு, வி.எம்.வேர் போன்ற ஹைப்பர்வைசருக்குள் புகுத்தினால், சிறிது நேரத்தில் ஒரு காவல் கணிப்பொறி எழுந்து நிற்கும். தனிப் பெட்டி வாங்கவேண்டியதில்லை, லாரியில் வந்து இறங்கவேண்டியதில்லை. செலவும் குறைவு.

இந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உடலில்லாத காவலாளியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும்போது, பெரும்பாலோர் அவனைக் காக்கவேண்டிய வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுகிறார்கள். சர்வரில் இடம் இருக்கிறது, அதிலேயே அப்ளையன்ஸை ஏற்று, அதன் பிரதிகளையும் அதே ஹார்ட் டிஸ்குகளில் எழுதச் சொல்லிவிடுகிறார்கள். திரையில் ஒவ்வொரு நாளும் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வரும். மனம் நிம்மதியடையும். ஒருநாள் அந்தச் சர்வரின் டிஸ்குகளை ஆளும் அட்டை பழுதானால் அசலும் போகும், நகலும் போகும், நகலிலிருந்து அசலை மீட்டுத் தரவேண்டிய கருவியும் உடன் போகும். இது பெரிய நிறுவனங்களிலும் நேர்வதுதான்.

ஆகவே திட்டமிடும்போது முதலில் முடிவு செய்யவேண்டியது எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்பதன்று. பிரதிகள் எந்த இரும்பில், எந்தக் கட்டடத்தில் இருக்கப் போகின்றன என்பதே. அப்ளையன்ஸ் சர்வருக்குள் ஓடினாலும் பாதகமில்லை, அது எழுதும் பிரதிகள் அங்கே இருக்கலாகாது. இயலுமானால் இரண்டையுமே தனியாக ஒரு சாதாரணப் பெட்டியில் வைத்துவிடுவது மேல் என்பது என் கருத்து. அதற்குப் புதிய, விலையுயர்ந்த சர்வர் வேண்டியதில்லை. டிஸ்க் மட்டும் புதியதாக இருக்கட்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீட்டர் குரோ தம் புகைப்படங்களைக் காப்பதற்கெனச் சொன்ன ஒரு கணக்கு, பின்னர் உலகெங்கும் கணிப்பொறித் துறையினர் பின்பற்றும் வழக்கமாகிவிட்டது. பிரதிகள் மூன்று இருக்கவேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்கவேண்டும். வேறிடம் என்றால் அடுத்த அறையன்று. 2021 மார்ச் 10 ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் நிலையம் தீப்பற்றி எரிந்தபோது, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் அழிந்தது. பிரதிகளையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். நம் ஊரிலும் 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் தரைத்தளங்களில் புகுந்தபோது, கீழறையில் இருந்த சர்வருக்கும் பக்கத்து மேசையில் இருந்த டிஸ்குக்கும் தண்ணீர் வேற்றுமை காட்டியிருக்க முடியாது.

தீயும் நீரும் கண்ணுக்குத் தெரியும் பகைவர்கள். கண்ணுக்குத் தெரியாத பகைவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கட்டடமும் தூரமும் பொருட்டல்ல. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டில் பலரும் பயன்படுத்திவந்த ஒரு கணக்கு மென்பொருளின் வழியாக 'நாட்பெட்யா' என்ற நாச நிரல் பரவிற்று. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் சிக்கியது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திவந்த முனையமும் முடங்கிற்று. யார் எந்தக் கணிப்பொறிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் மெர்ஸ்கிடம் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணவில்லை. மற்ற சர்வர்களுக்குப் பிரதிகள் இருந்தன, இந்தப் பட்டியலுக்கு மட்டும் தனிப் பிரதி இல்லை. ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளும் சர்வர்கள் காப்புப் பிரதிகள் ஆகா என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்தது.

கடைசியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரே ஒரு சர்வர் பிழைத்திருந்தது. காரணம், நாச நிரல் பரவிய வேளையில் அங்கே மின்சாரம் இல்லை! மின்வெட்டைச் சபித்தே பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். அங்கிருந்து இணைய வழியே அனுப்பப் போதிய வேகம் இல்லாததால், ஊழியர் ஒருவர் டிஸ்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்கு விமானத்தில் போய், அங்கே இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். பிறகு 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் மறுபடி நிறுவியதாக அந்நிறுவனத் தலைவர் கூறினார். கானாவில் தற்செயலாக நடந்ததை நாம் வேண்டுமென்றே செய்துகொள்ளவேண்டும். ஒரு பிரதியாவது மின்சாரமும் கம்பியும் இணையாமல் தனியே கிடக்கவேண்டும். வெளியே பொருத்தும் டிஸ்குகள் இரண்டை வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுதி, எழுதி முடித்ததும் கழற்றி ஒன்றை வீட்டில் வைப்பது எளிய வழி. குறித்த காலம்வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாதவாறு பூட்டிவைக்கும் வசதி சில இணையக் கிடங்குகளில் உண்டு, அதுவும் நல்லதே.

இனி அளவுகளைப் பார்ப்போம். இரண்டு கேள்விகளைக் குடும்பத்தார் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவேண்டும். எத்தனை மணி நேர எழுத்து போனால் நம்மால் தாங்க முடியும் என்பது ஒன்று. எத்தனை மணி நேரம் கடை நின்றால் தாங்க முடியும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மென்பொருள் விற்பவர் நமக்காக முடிவு செய்ய முடியாது. நாளுக்கு 20 பில் போடும் மரக்கடைக்கு இரவில் ஒருமுறை பிரதி எடுத்தால் போதும், போன பில்களைத் தாள் நகலைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் துணிக்கடைக்கு அது போதாது, மணிக்கு ஒருமுறை எடுக்கவேண்டியிருக்கும்.

இடக் கணக்கு அவ்வளவு கடினமன்று. மெய்நிகர் கணிப்பொறிகளின் மொத்த அளவு 400 ஜி.பி. என்று கொள்வோம். அப்ளையன்ஸ் முதல் நாள் முழுவதையும் எடுத்துவிட்டு, அடுத்த நாள்முதல் மாறிய பகுதிகளை மட்டுமே எடுக்கும். நாளொன்றுக்கு 100க்கு 2 பங்கு மாறினால் 8 ஜி.பி.; 30 நாட்களுக்கு 240 ஜி.பி. ஆக 640 ஜி.பி. ஆயிற்று. ஒரேமாதிரியான பகுதிகளை ஒருமுறை மட்டும் எழுதிவைக்கும் முறையாலும் சுருக்கத்தாலும் இது குறையும் என்று விளம்பரங்களில் இருக்கும். குறையத்தான் செய்யும், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். மாதப் பிரதி, வருடப் பிரதிகளுக்கும் இடம் வேண்டும், வியாபாரமும் வளரும். இவ்வளவுக்கு 2 டி.பி. டிஸ்க் என்று வைத்துக்கொள்வது நியாயமான திட்டம்.

இணைய வேகத்தைப் பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு பன்னிரண்டரை மெகாபைட்டுதான். 400 ஜி.பி.யை இறக்க ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும், அதுவும் கம்பி முழு வேகத்தில் ஓடினால். ஏற்றும் வேகம் 20 மெகாபிட் மட்டுமே என்றால் முதல் பிரதியை இணையக் கிடங்குக்கு அனுப்ப 44 மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். ஆபத்து வேளையில் இணையத்திலிருந்து முழுவதையும் இறக்குவதை மட்டுமே நம்பியிருக்கலாகாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதைச் சட்டமும் சொல்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி கணக்கு ஏடுகளை 8 நிதியாண்டுகள் பாதுகாக்கவேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் காப்புப் பிரதியை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. வெளிநாட்டுக் கிடங்கில் மட்டும் பிரதி வைத்திருப்போர் இதைக் கவனிக்க. கம்பெனியல்லாத சாதாரண வியாபாரிகளுக்கும், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கும் பொறுப்பு உண்டு. ஆகவே 30 நாள் பிரதியோடு நின்றுவிடாமல், நிதியாண்டு முடிவில் ஒரு முழுப் பிரதியை எடுத்துத் தனியே வைப்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நிறுவும் வேலையைத் தொழில் தெரிந்தவர் செய்வார். அவரிடம் நாம் கேட்டுப் பார்க்கவேண்டியவை சில உண்டு. அப்ளையன்ஸுக்கு நிலையான முகவரி கொடுக்கப்பட்டதா, அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கேளுங்கள். கடிகாரம் பிசகினால், காலாவதியாகிவிட்டதெனக் கருதி நல்ல பிரதியையே அது அழித்துவிடக்கூடும். பிரதிகளுக்கான டிஸ்க், இயக்க மென்பொருள் இருக்கும் டிஸ்கிலிருந்து தனியாக இருக்கவேண்டும். தேவைக்கேற்ப வளரும் டிஸ்காக அதை அமைத்தால் தொடக்கத்தில் இடம் மிச்சமாகத் தோன்றும். பின்பு சொல்லாமல் கொள்ளாமல் இடம் நிரம்பிவிடும். சர்வரின் மற்ற கணிப்பொறிகளும் அதே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால் அவையும் சேர்ந்தே நின்றுபோகும்.

காவல் கணிப்பொறியின் கடவுச்சொல் மற்றக் கணிப்பொறிகளின் கடவுச்சொல்லாக இருக்கவே கூடாது. அலுவலகத்தின் பொதுப் பயனர் பட்டியலோடும் அதை இணைக்கக் கூடாது. இணைத்தால், பட்டியலைக் கைப்பற்றிய திருடன் காவலாளியின் சாவியையும் கைப்பற்றியவனாவான். பிரதிகளைச் சங்கேதமாக்கிப் பூட்டுவது நல்லது. வீட்டுக்கு எடுத்துப் போகும் டிஸ்க் வழியில் தொலைந்தால், வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே போகாது. ஆனால் அந்தச் சங்கேதத்தின் திறவுச்சொல் மறந்துபோனால் அதைத் தயாரித்தவராலும் திறக்க முடியாது. ஆகவே அதைத் தாளில் எழுதி, கடையில் ஒன்றும் வீட்டு அலமாரியில் ஒன்றுமாக வைக்கவேண்டும். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது வாப்பாவுக்கு மட்டுமன்றி உம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். அதே தாளில் அப்ளையன்ஸின் பெயர், பதிப்பு எண், அமைப்பு விவரங்கள் எந்த டிஸ்கில் சேமிக்கப்பட்டுள்ளன என்பனவும் இருக்கவேண்டும். காவல் கணிப்பொறியே போய்விட்டால் இன்னொன்றை எழுப்ப இவை தேவைப்படும்.

கணக்கு மென்பொருளில் யாரேனும் எழுதிக்கொண்டிருக்கையில் எடுக்கப்படும் பிரதியில் பாதி எழுதிய பதிவுகள் சிக்கிக்கொள்வதுண்டு. விண்டோஸ் சர்வராயின், பிரதியெடுக்கும் நொடியில் தகவல் தளத்தைச் சற்றே அடக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு, அதைச் செயல்படுத்தச் சொல்லுங்கள். அதற்குமேல், கடை மூடிய பின் எல்லாரும் வெளியேறிய நேரத்தில் ஒரு பிரதி எடுப்பதே சிறந்தது.

மென்பொருளைத் தேர்வதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பணம் கொடுத்து வாங்குவன பல உண்டு. பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்னும் திறந்தநிலை மென்பொருள் 2020 முதல் கிடைக்கிறது. அதைத் தனிப் பெட்டியிலும் நிறுவலாம், மெய்நிகர் கணிப்பொறியாகவும் நிறுவலாம். எதுவாயினும், நம் ஊரில் அதை அறிந்தவர் இருவராவது இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது, விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது, எல்லாரும் விட்டுவிடுவதும் அதையேதான். நிரல் எழுதுவோரின் கோப்புகளைக் காத்துத்தரும் தொழிலையே செய்துவரும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் துணைச் சர்வரில் அழிக்க எண்ணிய தகவலை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். தவற்றை உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 ஜி.பி.யில் நாலரை ஜி.பி.யே மிஞ்சிற்று. சரி, பிரதியிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று போனால், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதிகள் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. பதிப்பு எண் பொருந்தாமையால் பிரதியெடுக்கும் நிரல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தடுக்கப்பட்டுவிட்டதால் எவருக்கும் தெரியவில்லை. வேறொரு முறை அந்தச் சர்வர்களுக்குச் செயல்படுத்தப்படவே இல்லை. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்குமுன் கையால் எடுத்துவைத்த பிரதி ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றிற்று. அதைத் திரும்பக் கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. நடந்த அனைத்தையும் அந்நிறுவனம் மறைக்காமல் உலகுக்கு எழுதி வைத்தது பாராட்டத்தக்கது. அதனால்தான் நாமும் இன்று படிக்க முடிகிறது.

ஆகவே தோல்வியடைந்தால் மட்டும் செய்தி அனுப்பு என்று அப்ளையன்ஸை அமைக்காதீர்கள். வெற்றி பெற்றாலும் நாள்தோறும் செய்தி வரட்டும். ஒருநாள் வராவிட்டால் ஏதோ தவறு என்று அப்போதே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலிலோ விடுமுறை நாளிலோ, பிரதியிலிருந்து கணக்குக் கணிப்பொறியை மீட்டெடுத்துப் பாருங்கள். அதை அலுவலக வலையோடு இணைக்காமல் தனியாக எழுப்பவேண்டும். இல்லையேல் ஒரே பெயரும் முகவரியும் கொண்ட இரண்டு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று மோதும். திறந்ததும், முந்தைய நாள் கடைசி பில் எண் இருக்கிறதா, ரொக்க இருப்பு அச்சிட்ட தாளோடு ஒத்துப்போகிறதா, பெரிய வாடிக்கையாளர் இருவரின் பாக்கி சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வழக்கமாகப் பார்ப்பவரைவிட, தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் இதைச் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளைத் திருத்தவேண்டும்.

மற்றுமொன்று. இணையக் கிடங்குக்கான கணக்கை, அமைத்துக்கொடுத்தவர் தம் சொந்த மின்னஞ்சலில் திறந்துவைப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம், நாளை துபாய்க்கு வேலைக்குப் போய்விடலாம். நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், இந்த வாரத்திலேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.